ரிவர்ஸ் அம்மணி

போன மாதம் பல்லடத்தில் நடந்த ஒரு புதுமனைப் புகுவிழாவில் என் பெரியப்பா அந்தக் கதையை மறுபடியும் சொன்னார். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒறம்பரைச் சொந்தங்களுக்கு நடுவில், எண்பது வயதிலும் கம்மாத குரலில், வழக்கமான இடத்தில் நிறுத்தி, வழக்கமான இடத்தில் தொடையைத் தட்டிச் சொன்னார். கூட்டமும் வழக்கமான இடத்தில் சிரித்தது. பாயசப் பாத்திரத்தோடு வந்த அம்மா, பாத்திரத்தை இடுப்பில் தாங்கியபடி நின்று தானும் சிரித்தாள். எனக்குக் காது இரண்டும் கொதித்தன.

அவர் சொன்னதில் மூன்று தகவல்கள் இருந்தன. அது ஆடி மாதம் என்றார். மழை பெய்து மலைப்பாதை வழுக்கிக் கிடந்தது என்றார். அம்மாவுக்குப் பயத்தில் கை நடுங்கியது என்றார். முதலிரண்டும் பொய். நடந்தது மாசியில். அன்று காலையில் எங்கள் வாசலில் புளி காய்ந்துகொண்டிருந்தது, வண்டியேறும் அவசரத்தில் நான் அதை மிதித்துப் பெரியம்மாவிடம் திட்டு வாங்கினேன். ஆடியில் எந்த ஊரில் புளி காயவைக்கிறார்கள்? ஏழாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால் சமூக அறிவியல் புத்தகத்தையும் கையோடு எடுத்துப்போயிருந்தேன். மழை என்பது கலப்படமற்ற கற்பனை. மலைமேல் தண்ணீர் இருக்காது என்றுதான் இரண்டு பேரல் தண்ணீரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். கை நடுங்கியதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு மின்கம்பம் எப்போது வந்தது, சாமளாபுரம் குளம் எந்தெந்த ஆண்டுகளில் நிறைந்தது என்பதையெல்லாம் விசாரித்து எழுதிவைப்பது என் பழக்கம். ஒரு மாதம் தவறிப்போனால்கூட எனக்குத் தூக்கம் வராது என்று வீட்டில் கேலி செய்வார்கள். இந்தக் கதையில் என்னை எரிப்பது மாதம் அல்ல. அந்த நாளின் கதையைச் சொல்லும் உரிமை, அந்த நாளைக் கெடுத்தவருக்கே இத்தனை ஆண்டுகளாக இருந்துவருகிறது. அதுதான்.

அப்போது அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பொதுவில் ஒரு பழைய ஜீப் இருந்தது. முன்னால் போக மூன்று கியர், பின்னால் வர ஒன்று. மங்கலத்து சைசிங் மில்லிலிருந்து, கஞ்சி ஏற்றிய பாவு நூல் சுற்றிய உருளைகளை ஏற்றி வருவதும், நெய்த துணியைக் கொண்டுபோய்ப் போடுவதும் அதன் வேலை. அப்பா ஒரு முறை மொபெட்டிலிருந்து விழுந்து தோள் இறங்கியதற்குப் பிறகு எந்த வண்டியின் கைப்பிடியையும் தொட மாட்டார். பெரியப்பா ஓட்டுவார், ஆனால் பாரம் ஏற்றி இறக்கும் ஓட்டம் அவருக்குக் கௌரவக் குறைச்சல். இருந்த டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் பனியன் கம்பெனி வேனுக்குப் போய்விட்டார். அந்த இடைவெளியில் அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் ஜீப் ஓட்டிப் போவதைப் பார்க்க, தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தவர்கள் உண்டு. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். எங்கள் தறிக்குடோன் வாசலில் ஏற்றமான ஒரு சரிவு இருந்தது. உருளையை இறக்க வேண்டுமென்றால் வண்டியின் பின்பக்கம் கதவை ஒட்டி நிற்க வேண்டும். அதனால் அவள் நாள்தோறும் முழுப் பாரத்தோடு அந்தச் சரிவில் ரிவர்ஸில் ஏறுவாள். கழுத்தைத் திருப்பி, ஒரு கையை இருக்கையின் முதுகில் போட்டுக்கொண்டு, எறும்பு ஊர்வதைப்போல ஏற்றுவாள். பள்ளி விட்டு வரும் நான் திண்பண்டம் தின்றபடி வேடிக்கை பார்ப்பேன். உலகத்தில் எல்லாருடைய அம்மாவும் இப்படித்தான் என்பதைப்போல.

பெரியப்பாவுக்குத் தறியைப் பற்றி ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மோட்டாரில் மாட்டியிருக்கும் புல்லியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் பெரிய புல்லியை மாட்டினால் தறி வேகமாக ஓடும். அந்த வருடம் அவர் எல்லாத் தறிகளுக்கும் புல்லி மாற்றியிருந்தார். நூல் கூடுதலாக அறுந்தது. ஓட்டுகிறவர்கள் முனகினார்கள். ஆனாலும் நாள் முடிவில் துணி அதிகம் விழுந்தது. அவருக்குத் தன்மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது.

பல்லடம் ரோட்டில் தனியார் பேருந்துகள் எங்கள் ஜீப்பை ஈ ஓட்டுவதைப்போல ஒதுக்கிவிட்டுப் போகும். அதை அவரால் தாங்க முடியவில்லை. வண்டியும் ஒரு தறிதான் என்று முடிவுகட்டினார். ஜீப்பின் பின் அச்சுக்கு நடுவே ஒரு இரும்புக் குடம் இருக்கும். அதற்குள் இரண்டு பற்சக்கரங்கள். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியில் இருக்கும் சின்னது பினியன், அது சுழற்றும் பெரியது கிரவுன். சின்னது பல முறை சுற்றினால்தான் பெரியது ஒரு முறை சுற்றும், சக்கரமும் அத்தோடு ஒரு முறை சுற்றும். பினியனைப் பெரிதாக்கினால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் முன்னைவிட அதிக தூரம் உருளும். வண்டி வேகம் பிடிக்கும். இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற முடியும், பட்டறையில் கிரவுன் என்றாலே அந்த ஜோடிதான். இதுவரை அவர் கணக்கு சரி.

அதற்கு விலை உண்டு என்பதை அவர் யோசிக்கவில்லை. தறிக்கு மேடு கிடையாது. காலையில் என்ன சுமையோ மாலையிலும் அதே சுமை. வண்டி அப்படியா? வேகத்தை எந்த அளவுக்குக் கூட்டினாரோ அந்த அளவுக்கு இழுவையைக் குறைத்துவிட்டார். குதிரை ஓட்டத்தை வாங்கிக்கொண்டு எருதின் தோளை விற்றுவிட்டார். காலி வண்டியில், சமதரையில், பல்லடம் ரோட்டில் அது தெரியவே தெரியாது.

தெரியவில்லை. தன் அப்பாவுக்கு, அதாவது என் அப்புச்சிக்கு, உடம்பு சரியில்லை என்று அம்மா பிறந்த ஊருக்குப் போயிருந்த நாட்களில்தான் இந்த வேலை நடந்தது. வண்டி பட்டறையிலிருந்து வந்ததும் பெரியப்பா ஒரு பேருந்தை முந்தினார். வீட்டுக்கு வந்து அதை எங்களிடம் நடித்துக் காட்டினார். வண்டியில் என்ன மாற்றினார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. என்னமோ தன் கைத்திறமை என்பதைப்போல இருந்துகொண்டார்.

அம்மா திரும்பி வந்த மறுநாள், பெரியப்பாவின் பேத்திக்குக் காதுகுத்து. காங்கேயம் போகும் வழியில் உள்ள மலைக்கோயிலில் ஏற்பாடு. ஜீப்பில் பதினொரு பேர், பொங்கல் பானைகள், விறகு, அரிசி மூட்டை, தண்ணீர் பேரல் இரண்டு. பெரியப்பா புது வேட்டி கசங்கும் என்று ஓட்டுவதற்கு மறுத்துவிட்டார். அம்மாவிடம் சாவியைக் கொடுக்கும்போது எல்லார் காதிலும் விழும்படி ஒன்று சொன்னார்.

"இன்னைக்கு ஒறம்பரை பூராப் பாக்கும் அம்மணி. மலையேத்திக் காட்டிப்போட்டீன்னா இந்தச் சாவி உன்றதுதான், நான் கேக்கவே மாட்டேன். இல்லீன்னா நாளைக்கே ஒரு டிரைவரைப் போட்டுக்கலாம்."

அம்மா சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தறிக்குடோன் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் சேர்ந்த பெரிய கொத்து அது. சின்ன மணி ஒன்றும் தொங்கும்.

ஊர் எல்லை தாண்டுவதற்குள்ளேயே அவளுக்கு ஏதோ உறுத்திவிட்டது. "ஏனுங்க மாமா, வண்டி எழறதுக்கு மொனகுதுங்களே? ஏதாச்சும் கழட்டி மாட்டுனீங்களா?" என்று பெரியப்பாவைக் கேட்டாள்.

"பத்து நாள் ஸ்டேரிங்கைத் தொடாம இருந்தா அப்பிடித்தான் இருக்கும். வண்டி என்ன பண்ணும்?" என்றார் பெரியப்பா. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா அவருக்கு அடுத்துதான் உட்கார்ந்திருந்தார். வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடிவாரத்திலிருந்து முதல் இரண்டு வளைவுகளை ஜீப் எப்படியோ ஏறியது. மூன்றாவது வளைவில் பாதை செங்குத்தாகிறது. அம்மா கியரைக் குறைத்தாள். எஞ்சின் சத்தம் மேலே ஏறுவதற்குப் பதில் அடங்கிக்கொண்டே போய், ஒரு உலுக்கலோடு நின்றது. கைப்பிரேக்கை இழுத்தாள். திரும்பக் கிளப்பினாள். மறுபடி ஒரு உலுக்கல். கருகிய வாடை எழுந்தது. பின்னால் வந்த வேன் ஒன்று ஹாரனை அமுக்கியபடியே இருந்தது.

"ஃபர்ஸ்ட் கியரைப் போடு அம்மணி!"

"போட்டுத்தானுங்க இருக்கறேன்."

"போட்டா எதுக்கு ஏறமாட்டீங்குது? ரண்டாவதுல வெச்சுக்கிட்டு ஃபர்ஸ்டுங்கற!"

அவள் கியர் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரையே பார்க்கச் சொன்னாள். அவர் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கி, வேன்காரரிடம் போய், "பொம்பளைங்க ஓட்டறாங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார். வேனில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். நாங்களும் இறங்கினோம். முழங்கால் வலிக்காரப் பெரியம்மாவும், கைக்குழந்தையோடு பெரியப்பா மகளான அக்காவும், பேரல்களும் மூட்டைகளும் மட்டும் வண்டியில். அப்பா ஒரு கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கோபப்படாத அப்பா கிடைத்திருக்கிறாரே என்று அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன். அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது முறையும் நின்றது. மேலே காதுகுத்துக்கு நேரம் குறித்திருந்தார்கள். ஆசாரி காத்திருந்தார். பெரியப்பா எல்லாரிடமும் தனித்தனியாக, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எப்போது, யாரிடம் சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி கழுத்தைத் திருப்பிப் பின்னால் இருந்த வளைவைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் கல்லை எடுக்கச் சொன்னாள். ஜீப் மெதுவாகப் பின்னால் உருண்டு வளைவின் அகலமான இடத்துக்கு வந்தது. அங்கே முன்னும் பின்னுமாக இழுத்து வண்டியை முழுக்கத் திருப்பினாள். இப்போது ஜீப்பின் முகம் அடிவாரத்தைப் பார்த்திருந்தது.

"எறக்கிட்டுப் போறாளாட்டம் இருக்குது" என்றார் ஒருவர்.

"என்ன அம்மணி பண்ற?" என்று கத்தினார் பெரியப்பா.

அம்மா தலையை வெளியே நீட்டி, "ரிவர்ஸ்லதானுங்க மாமா ஃபர்ஸ்ட் கியர் இருக்குது" என்றாள்.

அந்த வளைவே சிரித்தது. வேன்காரர் சிரித்தார், அத்தைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியப்பா தொடையைத் தட்டியது அப்போதுதான் முதல் முறை. "ரிவர்ஸ்ல ஃபர்ஸ்டு இருக்குதாமா! அப்ப ஃபர்ஸ்ட்ல என்ன இருக்குது, ஊட்டுக்குப் போற வழியா?"

ஜீப் ஏறியது. கழுத்தைத் திருப்பி, ஒரு கையை இருக்கையின் முதுகில் போட்டுக்கொண்டு, குடோன் சரிவில் ஏற்றுவதைப்போலவே ஏற்றினாள். எஞ்சின் நிதானமாகக் கத்தியது. உலுக்கல் இல்லை, கருகல் இல்லை. பெரியம்மா இரண்டு கையாலும் பேரலைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். ஜீப்பின் இரண்டு விளக்குகளும் எங்களைப் பார்த்தபடி விலகிப்போயின. அம்மாவின் முகம் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. சிரித்துக்கொண்டே நாங்கள் பின்னால் நடந்தோம். நாங்கள் என்று சொல்கிறேன், நான் சிரிக்கவில்லை. அம்மா வீம்புக்கு ஏதோ செய்கிறாள், ஏன் இவ்வளவு பேருக்கு முன்னால் இப்படிச் செய்கிறாள் என்றுதான் எனக்கு அழுகை முட்டியது.

நேரம் தவறாமல் காது குத்தினார்கள். குழந்தை வீரிட்டது, எல்லாருக்கும் சர்க்கரை கிடைத்தது. அதற்குப் பிறகு பெரியப்பா அம்மாவிடம் வந்து உள்ளங்கையை நீட்டினார்.

"ஏத்திட்டனுங்களே, மாமா" என்றாள் அம்மா.

"பின்னால ஏத்துனதெல்லாம் கணக்குல வராது அம்மணி."

அந்த வாக்கியத்தைப் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். மலையேற்ற வேண்டும் என்றுதான் காலையில் சொன்னார். எந்தப் பக்கமாக என்று சொல்லவில்லை. பானையும் பேரலும் மேலே வந்துவிட்டன, அவர் மனைவியும் மகளும் பேத்தியும் மேலே வந்துவிட்டார்கள். ஆனால் சிரிப்பு அவர் பக்கம் இருந்தது. சிரிப்பு யார் பக்கமோ நியாயமும் அவர் பக்கம். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பொங்கல் பானைக்கு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். அம்மா சாவிக் கொத்தை அந்த உள்ளங்கையில் வைத்தாள். வைக்கும்போது அந்தச் சின்ன மணி விடாமல் கிணுகிணுத்தது. கை அப்படி நடுங்கியது. அதை நான் பார்த்தேன்.

இறங்கும்போது பெரியப்பா ஓட்டினார். குறைந்த கியரில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற வலுவும் இழுவையோடு சேர்ந்து போய்விட்டிருந்ததால் வழி முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். இரண்டாவது வளைவில் சக்கரத்திலிருந்து புகை வந்தது. "ஊரைப் பாருங்க, எத்தன அழகு!" என்று வண்டியை ஓரங்கட்டினார். எல்லாரும் இறங்கி அழகைப் பார்த்தோம்.

அடுத்த வாரம் ஒரு டிரைவர் வந்தார். முதல் முறை உருளை ஏற்றிவந்தபோதே, வண்டி இழுக்கவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அவரிடம் யாரும் ஓட்டிப் பழக்கம் விட்டுப்போச்சு என்று சொல்லவில்லை. மறுநாளே ஜீப் பட்டறைக்குப் போய்ப் பழைய கிரவுனை மாட்டிக்கொண்டு வந்தது. ஒரு அந்நியர் முனகியதும் கிடைத்தது, அம்மா வாய்விட்டுக் கேட்டும் கிடைக்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு எந்த வண்டியையும் ஓட்டவில்லை. ரிவர்ஸ் அம்மணி என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. பிற்காலத்தில் என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டாருக்கு அவளை அறிமுகப்படுத்தியதே அந்தப் பெயரைச் சொல்லித்தான்.

அம்மா ஊரில் இல்லாத அந்த நாட்களில் பட்டறையில் கிரவுன் மாற்றியபோது தானும் கூடவே உட்கார்ந்திருந்ததாக அப்பா சொன்னது பல ஆண்டுகள் கழித்து, அவர் காலமாவதற்குக் கொஞ்சம் முன்பு, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில். அண்ணனை நாலு பேர் முன்னால் எப்படி விட்டுக்கொடுப்பது என்றார். அம்மாவை விட்டுக்கொடுக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். படுக்கையில் கிடந்தவரிடம் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.

ஜீப்பை உடைத்து விற்றபோது பின் அச்சிலிருந்து எடுத்த பழைய கிரவுனும், பெரியப்பாவின் வேகக் கிரவுனும் குடோன் கதவுக்கு முட்டுக் கொடுக்கக் கிடந்தன. போன மாத விழா முடிந்த மறுநாள் அங்கே போய் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பற்களை எண்ணினேன். பழையதில் கிரவுனுக்கு நாற்பத்து மூன்று பல், பினியனுக்கு எட்டு. மாற்றியதில் நாற்பத்தொன்று, பதினொன்று. வகுத்துப் பார்த்தால், பழைய இழுவையில் பத்தில் ஏழு பங்குதான் மிச்சம். பதினொரு பேரையும் இரண்டு பேரல் தண்ணீரையும் வைத்துக்கொண்டு அந்த ஏழு பங்கில் அம்மா மலையேற வேண்டியிருந்தது.

கோயம்புத்தூரில் பழைய புத்தகக் கடை ஒன்றில் அந்த வகை ஜீப்பின் பழுதுபார்க்கும் கையேடு எனக்குக் கிடைத்திருந்தது. அதன்படி ஃபர்ஸ்ட் கியரில் எஞ்சின் ஏறத்தாழ இரண்டே முக்கால் சுற்றுச் சுற்றினால் தண்டு ஒரு சுற்று. ரிவர்ஸில் மூன்றே முக்கால். அந்தக் கியர்பெட்டியில் இருப்பதிலேயே வலுவான கியர் ரிவர்ஸ்தான். இதோடு புதிய கிரவுனின் கணக்கைப் பெருக்கினேன். பதினான்கு வந்தது. பழைய கிரவுனோடு ஃபர்ஸ்ட் கியரைப் பெருக்கினால் பதினைந்துக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய ஒன்றுதான். அவளிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்ட ஃபர்ஸ்ட் கியர், அன்றைக்கு ரிவர்ஸில்தான் இருந்தது. இத்தனை ஆண்டுகளாகச் சிரித்த வாக்கியத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

அன்று மாலை அம்மாவை என் காரில் ஏற்றிக்கொண்டு மங்கலம் வரை போனேன். நான் ஓட்ட, அவள் பக்கத்தில். பல் கணக்கு முழுவதையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இத்தன கணக்கு எதுக்குக் கண்ணு? குடோன் மேட்டுல ஏத்தி ஏத்தி என்ற காலுக்கே தெரிஞ்சுபோச்சு. அதைத்தான் சொன்னேன். ஆரு கேட்டா?"

"உனக்கு அன்னைக்குப் பயத்துல கை நடுங்குச்சுன்னு பெரியப்பா சொல்றாரே. நானும் பார்த்தேனே, சாவி குடுக்கறப்ப."

முன்னால் உருளை ஏற்றிய ஒரு வண்டி மேட்டில் திணறிக்கொண்டிருந்தது. நான் கியரைக் குறைத்தேன். அவள் பார்வை என் கையோடு போய்வந்தது.

"நடுங்குச்சு" என்றாள். "அந்தச் சாவியை அவரு மொகத்துல வீசிப்போடாம, கையில வெக்கோணுமே."

புளியை மிதித்ததும், புகை வந்த வளைவும், ஆசாரி கொடுத்த சர்க்கரையும் எனக்கு நினைவிருக்கிறது. மாதம்கூடத் தவறவில்லை. அந்த மணி விடாமல் கிணுகிணுத்ததைக் கேட்டுக்கொண்டு ஒரு முழம் தள்ளி நின்ற அந்த ஏழாம் வகுப்புப் பெண், அம்மா பயந்துவிட்டாள் என்று நினைத்து, ஆறுதலாக அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.